இணைப்பு ஃப்ரேம்வொர்க்கின் கான்ஃபிக் ஏபிஐ: டைப் பாதுகாப்பை எதுவரை கொண்டுபோவது?

குழாய்க்காரன்

எங்கள் குழுவில் சொந்தமாக ஒரு சிறிய இணைப்பு ஃப்ரேம்வொர்க் வைத்திருக்கிறோம். கோப்பு, எச்டிடிபி, காஃப்கா (மெசேஜ்களைக் கடத்தும் சர்வர்), டேட்டாபேஸ் என்று தனித்தனி கனெக்டர்கள். ஒரு பக்கம் வாங்கி, மாற்றி, இன்னொரு பக்கம் தள்ளுவதுதான் வேலை. அப்பாச்சி கேமல் (இதே வேலைக்கான ஓப்பன் சோர்ஸ் ஜாவா ஃப்ரேம்வொர்க்) பழகியவர்களுக்கு உடனே புரியும், ஏனென்றால் கான்ஃபிக் முறையை அங்கிருந்துதான் எடுத்தோம். எல்லாமே ஒரு யூஆர்ஐ (இணைய முகவரி வடிவிலான) ஸ்ட்ரிங்:

"கோப்பு:வரவு?தாமதம்=5000&நீக்கு=ஆம்"

(படிக்க வசதியாக எல்லாப் பெயர்களையும் தமிழில் எழுதுகிறேன். ஜாவா யூனிகோட் பெயர்களை ஏற்பதால் கீழே வரும் மெத்தட் பெயர்களும் அப்படியே கம்பைல் ஆகும்.)

இதன் தொல்லைகள் தெரிந்தவைதான். 'தாமதம்' என்பதை 'தமதம்' என்று அடித்தால் கம்பைலர் கண்டுகொள்ளாது. 5000 என்பது செகண்டா மில்லிசெகண்டா என்பதற்கு ஸ்ட்ரிங்கில் விடை இல்லை. கடவுச்சொல்லில் கூட்டல் குறி இருந்தால் யூஆர்ஐ டீகோடிங்கில் அது இடைவெளியாகிவிடும். இதைத் தவிர்க்கவே கேமலில் 'ரா' என்று ஒரு தனி உறை வைத்திருக்கிறார்கள். ஒரு ஆப்ஷனை எங்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறோம் என்று பார்க்க வெறும் டெக்ஸ்ட் தேடல்தான் வழி.

கேமலே 2019-இல் வந்த 3-ஆம் பதிப்பில் எண்ட்பாயிண்ட் டிஎஸ்எல் என்ற பெயரில் டைப் உள்ள பில்டர்களை (ஆப்ஷன்களை மெத்தட் சங்கிலியாக வாங்கும் ஆப்ஜெக்ட்களை) சேர்த்தது. எண்ட்பாயிண்ட் என்பது வாங்கும் அல்லது அனுப்பும் முனை. ஒவ்வொரு கம்போனென்டின் மெட்டாடேட்டாவிலிருந்தும் ஜாவா இன்டர்ஃபேஸை ஜெனரேட் செய்கிறார்கள். நாங்களும் அந்த வழியில் போக நினைக்கிறோம்:

கோப்பு("வரவு").தாமதம்(செகண்ட்(5)).வாசித்ததும்நீக்கு()

இங்கேதான் குழுவுக்குள் இரண்டு கட்சி. தவறான எந்தச் சேர்க்கையும் கம்பைலே ஆகக் கூடாது என்கிறது ஒன்று. பெயரும் டைப்பும் சரியாக இருந்தால் போதும், மீதியை ஸ்டார்ட்டப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது மற்றது. ஜாவா 21 வரை போகலாம், அதனால் ரெக்கார்ட் (ஃபீல்டுகளை மட்டும் சுமக்கும் டேட்டா கிளாஸ்), சீல்டு இன்டர்ஃபேஸ் (எந்தெந்த வகைகள் உண்டு என்று முன்பே மூடிவைத்த இன்டர்ஃபேஸ்) எல்லாம் கையில் உண்டு. இதைச் செய்து பார்த்தவர்கள் எங்கே நிறுத்தினீர்கள்?

---

பிழைத்தேடி

முதலில் ஒரு எதிர்க்கேள்வி. இது உண்மையிலேயே தேவையா?

கேமல் தெரியாத ஆப்ஷனைப் பார்த்தால் சும்மா போய்விடாது. எண்ட்பாயிண்டை உருவாக்கும்போதே எக்செப்ஷன் வீசி, எந்தப் பெயர் தெரியவில்லை என்றும் சொல்லும். ரூட்களை (ஒரு எண்ட்பாயிண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகளை) ஓட்டாமலேயே ஸ்ட்ரிங்குகளைச் சரிபார்க்க மேவன் ப்ளகின் இருக்கிறது, ஐடிஇ ப்ளகின்களும் இருக்கின்றன. உங்களிடம் மெட்டாடேட்டா இருந்தால் அதை வைத்து ஒரு லின்ட் (கோடை ஓட்டாமலேயே பிழை தேடும் கருவி) எழுதுவது சின்ன வேலை. பில்டர் ஜெனரேட்டர் எழுதிப் பராமரிப்பது அப்படியல்ல. ஸ்ட்ரிங்குக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: லாகில் பார்த்ததை அப்படியே காப்பி செய்து கோடில் ஒட்டலாம்.

---

குழாய்க்காரன்

@பிழைத்தேடி, லின்ட் பற்றி யோசித்தோம். ஸ்ட்ரிங் முழுவதும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அது வேலை செய்யும். எங்கள் கோடில் பாதி இடங்களில் ஸ்ட்ரிங்கைத் துண்டு துண்டாக ஒட்டுகிறார்கள். அங்கே லின்ட் கைவிரித்துவிடும்.

ஸ்டார்ட்டப் சோதனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. சில ரூட்கள் குறிப்பிட்ட சூழலில் மட்டும் எழும். அந்தச் சூழல் ப்ரொடக்‌ஷன் என்றால், எழுத்துப்பிழை முதன்முதலில் வெளிப்படுவதும் அங்கேதான்.

அப்புறம் எச்டிடிபி. கேமலின் எச்டிடிபி கம்போனென்ட் தனக்குத் தெரியாத பெயர்களைப் பிழை என்று சொல்லாமல், வினவல் அளவுருக்களாக எதிர் சர்வருக்கே அனுப்பிவிடும். வேண்டுமென்றே செய்த வடிவமைப்புதான், ஏனென்றால் யூஆர்ஐயில் ஆப்ஷனும் அளவுருவும் ஒரே கேள்விக்குறிக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் விளைவு என்ன? டைம்அவுட் ஆப்ஷனில் ஒரு எழுத்து தப்பினால் டைம்அவுட் அமலாகாது, பிழையும் வராது. எதிர் சர்வர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு அலட்சியம் செய்யும். எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

---

சுட்டெழுத்து

பில்டர் ஜெனரேட் செய்வது என்று முடிவானால், அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பரம்பரை (இன்ஹெரிடன்ஸ்) வேண்டாம்.

எல்லோரும் முதலில் செய்வது இதுதான்: பொதுவான ஆப்ஷன்களுக்கு ஒரு அடிப்படை பில்டர், அதை நீட்டித்து கோப்புக்கு ஒன்று, எஃப்டிபிக்கு ஒன்று. அடிப்படையில் உள்ள மெத்தட் அடிப்படை டைப்பைத் திருப்பித் தரும். சங்கிலியில் அதை ஒரு தடவை கூப்பிட்டதும் கோப்பு பில்டர் கைவிட்டுப் போய்விடும். இதைச் சரிசெய்ய, தன்னையே டைப் அளவுருவாக வாங்கும் ஜெனரிக்ஸ் போடுவோம். மூன்றாவது அடுக்கு வந்ததும் எரர் மெசேஜைப் படிக்கவே ஒரு ஆள் வேண்டும்.

நீங்கள்தான் ஜெனரேட் செய்கிறீர்களே. ஒவ்வொரு கனெக்டருக்கும் எல்லா மெத்தட்டையும் தட்டையாக, அந்தந்த டைப்பையே திருப்பித் தரும்படி எழுதித் தள்ளிவிடுங்கள். ஒரே மெத்தட் நாற்பது இடத்தில் இருக்கட்டும். அதைக் கையால் பராமரிக்கப் போவது யாருமில்லை.

கேமலிடமிருந்து இரண்டு விஷயங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாங்கும் பக்கத்துக்கும் அனுப்பும் பக்கத்துக்கும் தனித்தனி பில்டர். 'ஏற்கெனவே அதே பெயரில் கோப்பு இருந்தால்' என்பது எழுதும்போது மட்டும் பொருளுள்ள கேள்வி. வாசிக்கும் பில்டரில் அந்த மெத்தடே இருக்கக் கூடாது. இரண்டாவது, அபூர்வமாகத் தேவைப்படும் ஆப்ஷன்களை 'மேம்பட்டவை' என்ற தனி மெத்தடுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது. ஆட்டோகம்ப்ளீட் பட்டியல் சுருங்கும். புதிதாக வருபவர் ஆவணத்தைவிட அந்தப் பட்டியலைத்தான் அதிகம் படிக்கிறார்.

---

மூன்றாம்பிறை

இந்த இழையில் பெயர்ப் பிழை பற்றியே பேசுகிறோம். எழுத்துப்பிழை எப்படியும் ஒருநாள் வெளியே வந்துவிடும். பெயர் சரி, டைப்பும் சரி, பொருள் மட்டும் தப்பு என்ற வகை அப்படி வராது. டைம்அவுட்தான் இதற்கு நல்ல உதாரணம்.

ஜாவாவின் சாக்கெட்டில் வாசிப்பு டைம்அவுட்டை 0 என்று வைத்தால் 'காத்திருக்காதே' என்று பொருளல்ல, 'முடிவில்லாமல் காத்திரு' என்று பொருள். அப்பாச்சி எச்டிடிபி கிளையண்டின் 4-ஆம் வரிசையிலும் 0 என்றால் எல்லையில்லை. மைனஸ் போட்டால் சிஸ்டத்தின் இயல்பு மதிப்பு. ஆக ஒரு முழு எண்ணுக்குள் மூன்று வேறு வேறு எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. டியூரேஷன் (அலகோடு கூடிய கால அளவு) டைப்புக்கு மாற்றினால் அலகுச் சிக்கல் தீரும், பூஜ்யச் சிக்கல் அப்படியே இருக்கும்.

ஜாவா 11-இல் வந்த புதிய எச்டிடிபி கிளையண்ட் இதைப் பாதி சரிசெய்தது. பூஜ்யமோ மைனஸோ கொடுத்தால் எக்செப்ஷன். ஆனால் எதுவும் கொடுக்காவிட்டால் எல்லையில்லாமல் காத்திருக்கும். மறந்தவருக்கும், வேண்டுமென்றே விட்டவருக்கும் ஒரே கோடு.

என் பரிந்துரை, டைம்அவுட்டைத் தனி டைப்பாக ஆக்குங்கள். உருவாக்க இரண்டே வழி:

டைம்அவுட்.இவ்வளவு(செகண்ட்(30))
டைம்அவுட்.எல்லையில்லை()

இரண்டாவதை எழுதுபவர் தெரிந்தே எழுதுகிறார். கோட் ரிவ்யூவில் அந்தச் சொல் கண்ணில் படும். 0 என்ற எண் யார் கண்ணிலும் படாது.

அளவுகளுக்கும் இதே கதை. பஃபர் 64 என்றால் பைட்டா கிலோபைட்டா? ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் டியூரேஷனோடு டேட்டாசைஸ் என்றும் ஒரு டைப் வைத்திருப்பது இதனால்தான். அங்கேயும் அலகு இல்லாத வெறும் எண்ணைக் காலமாகப் படித்தால் மில்லிசெகண்ட் என்றே எடுத்துக்கொள்வார்கள். பழைய கான்ஃபிக் கோப்புகள் உடையாமல் இருக்க அது தேவை. நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள், அந்தச் சலுகை வேண்டாம்.

---

வடிவவியல்

@குழாய்க்காரன், நான் உங்கள் முதல் கட்சி. தவறான சேர்க்கை கம்பைல் ஆகக் கூடாது.

கேமல் கோப்பு கம்போனென்டிலேயே ஒரு உதாரணம். எழுதும்போது அதே பெயரில் கோப்பு இருந்தால் 'நகர்த்து' என்று தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்ந்தெடுத்தால் எங்கே நகர்த்துவது என்று இன்னொரு ஆப்ஷனும் கட்டாயம். ஒன்றைக் கொடுத்து மற்றதை விட்டால் ரன்டைமில்தான் பிழை. பில்டர் வந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை, ஏனென்றால் அவை இரண்டு தனித்தனி மெத்தட்கள்.

சீல்டு டைப்பாகச் செய்தால் பிரச்சினையே எழாது:

ஏற்கெனவேஇருந்தால்(மேலெழுது())
ஏற்கெனவேஇருந்தால்(பிழைகாட்டு())
ஏற்கெனவேஇருந்தால்(நகர்த்து("பழையவை"))

இடம் சொல்லாமல் 'நகர்த்து' என்று எழுதவே முடியாது.

வாசிக்கும் பக்கம் இன்னும் சுவாரசியம். வாசித்தபின் நீக்கலாம், நகர்த்தலாம், அப்படியே விடலாம். மூன்றும் தனித்தனி பூலியன்களாகவும் ஸ்ட்ரிங்குகளாகவும் இருந்தால் 'நீக்கு, ஆனால் விட்டுவிடு' என்றெல்லாம் எழுதலாம். ஒரே தேர்வாக ஆக்கினால் முரண் போய்விடும். கூடவே இன்னொன்றும் வெளியே வரும். கோப்பை அப்படியே விட்டால், அடுத்த சுற்றில் அதையே மறுபடி வாசிக்காமலிருக்க எதை வாசித்தோம் என்று எங்காவது குறித்து வைக்க வேண்டும். கேமல் இதை உணர்ந்து, அந்தத் தேர்வு வந்ததும் இரட்டிப்புத் தடுப்பைத் தானே இயக்கிவிடும். ஆனால் அந்தக் குறிப்பேடு இயல்பாக மெமரியில் இருப்பது, 1000 பெயர்கள் வரைதான் கொள்ளும். ப்ராசெஸ் மறுபடி எழுந்தால் எல்லாக் கோப்பும் புதுக் கோப்புதான். ஆகவே:

வாசித்தபின்(விட்டுவிடு(குறிப்பேடு))

குறிப்பேடு எங்கே இருக்கும் என்பதை அளவுருவாகவே கேளுங்கள். மெமரி போதும் என்பவர் அதை எழுதிக் கொடுக்கட்டும். நல்ல டைப் என்றால் எனக்கு இதுதான்: எழுதுபவரை நிறுத்தி, அவர் யோசிக்காத கேள்வியைக் கேட்க வேண்டும்.

கட்டாய ஆப்ஷன்களுக்கு இன்னும் ஒரு படி போய் ஃபேன்டம் டைப் பயன்படுத்தலாம். பில்டரின் டைப் அளவுருவில் 'முகவரி கொடுத்தாயிற்று', 'கொடுக்கவில்லை' என்ற நிலையைச் சுமந்து, எல்லாம் நிரம்பினால்தான் 'கட்டு' மெத்தட் கிடைக்கும்படி வைப்பது.

---

சுட்டெழுத்து

சீல்டு தேர்வுகளுக்கு என் முழு ஓட்டு. ஃபேன்டம் டைப்புக்கு இல்லை.

காரணம் எளிது. பில்டரை ஒரு வேரியபிளில் வைத்து, 'சோதனைச் சூழல் என்றால் இந்த ஆப்ஷனையும் சேர்' என்று நடுவில் ஒரு இஃப் போடுவது அன்றாடத் தேவை. ஃபேன்டம் டைப்பில் ஒவ்வொரு மெத்தடும் வேறு டைப்பைத் திருப்பித் தருவதால் அந்த வேரியபிளுக்கு என்ன டைப் எழுதுவது? நான்கு கட்டாய ஆப்ஷன் இருந்தால் நான்கு டைப் அளவுருக்கள். பயன்படுத்துபவர் ஒன்றை மறந்தால் கம்பைலர் 'முகவரி இல்லை' என்று சொல்லாது. இந்த மெத்தட் இந்த டைப்புக்குப் பொருந்தாது என்று மூன்று வரியில் கோணல் அடைப்புக்குறிகளாகக் கொட்டும்.

கட்டாயமானதை முதல் ஃபங்ஷனின் அளவுருவாகவே வாங்குங்கள். கோப்பு("வரவு") என்பதில் அடைவு கட்டாயம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லையே. கட்டாய அளவுருக்கள் மூன்று நான்கைத் தாண்டினால் அந்த கனெக்டரை இரண்டாகப் பிரிக்கலாமா என்று பாருங்கள்.

---

வடிவவியல்

> நடுவில் ஒரு இஃப் போடுவது அன்றாடத் தேவை

ஸ்காலாவில் இதற்கு வழி உண்டு என்று சொல்ல வந்தேன். சரி, இழை ஜாவா பற்றியது. ஃபேன்டமை விட்டுவிடுகிறேன், சீல்டை விட மாட்டேன்.

---

இரவுப்பணி

எல்லோரும் கோடில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். டெப்ளாய் செய்பவனாக ஒரு கேள்வி: அந்த 5 செகண்ட் எங்கே எழுதியிருக்கிறது?

எங்கள் இடத்தில் கோடில் இருக்காது. சூழலுக்கு ஒரு யாம்ல் (கான்ஃபிக் எழுதும் டெக்ஸ்ட் வடிவம்) கோப்பு, அதற்கு மேல் என்விரான்மென்ட் வேரியபிள், ரகசியங்களுக்குத் தனிப் பெட்டகம். கோடில் இருப்பது வெறும் ப்ளேஸ்ஹோல்டர். ஆக உங்கள் அழகான டைப்பெல்லாம் காவல் காப்பது ஒரு சாவிப் பெயரை. மதிப்பு வருவது கம்பைலர் தூங்கப் போன பிறகு.

கேமலின் பில்டரைத் திறந்து பாருங்கள். எண் வாங்கும் ஒவ்வொரு மெத்தடுக்கும் பக்கத்திலேயே ஸ்ட்ரிங் வாங்கும் இரட்டை ஒன்று இருக்கும். ப்ளேஸ்ஹோல்டர் எழுத அது இல்லாமல் முடியாது. அதே வழியாக தாமதம்("ஐந்து") என்பதும் கம்பைல் ஆகிவிடும். முன்கதவுக்குப் பூட்டுப் போட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த மாதிரி.

வெளியிலிருந்து வரும் மதிப்பு எவ்வளவு விபரீதமாக இருக்கும் என்பதற்கு யாம்லே போதும். 1.1 பதிப்பைப் பின்பற்றும் பார்சரிடம் மேற்கோள் இல்லாமல் 'நோ' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது பூலியன் 'இல்லை' ஆகிவிடும். நார்வேயின் நாட்டுக் குறியீடு இப்படித்தான் மாட்டிக்கொண்டது. 22:22 என்று போர்ட் இணைப்பை எழுதினால் அறுபதின் அடிமான எண்ணாகப் படித்து 1342 என்று தரும். 1.2 பதிப்பு 2009-இலேயே வந்து இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியது. பழைய நடத்தையுள்ள பார்சர்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

எனக்கு வேண்டியவை மூன்று. ஒன்று, எந்த ரூட்டும் ஓடத் தொடங்கும் முன் எல்லா மதிப்பும் படிக்கப்பட வேண்டும். இரண்டு, முதல் பிழையில் செத்து விழாமல் எல்லாப் பிழையையும் ஒரே பட்டியலாகக் காட்ட வேண்டும். ஒன்றைத் திருத்தி, மறுபடி எழுப்பி, அடுத்ததைப் பார்ப்பது நள்ளிரவில் செய்யும் வேலையல்ல. மூன்று, ஒவ்வொரு பிழையோடும் அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று வேண்டும். ஸ்பிரிங் பூட் 2 முதல் எந்தக் கோப்பு, எந்த வரி என்றே சொல்கிறது. அதைவிடக் குறைவாக ஏற்க மாட்டேன்.

---

குழாய்க்காரன்

@இரவுப்பணி சொன்னது இரண்டு கட்சியும் கவனிக்காத இடம். இதை மையமாக வைத்து வரைவை மாற்றிப் பார்த்தேன்.

ஸ்ட்ரிங் இரட்டை மெத்தடை எடுத்துவிட்டு, 'அமைவு' என்று ஒரு ஜெனரிக் டைப். சாவி, மாற்றும் ஃபங்ஷன், வேண்டுமானால் இயல்பு மதிப்பு, மூன்றும் அதற்குள். டைப் பெயர்களையும் தமிழிலேயே எழுதினால்:

அமைவு<காலம்> வரவுத்தாமதம் = அமைவு.காலம்("வரவு.தாமதம்").இல்லையேல்(செகண்ட்(5))

கோப்பு("வரவு").தாமதம்(வரவுத்தாமதம்)

ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் இரண்டு மெத்தட்கள்: நேரடி மதிப்பு வாங்குவது ஒன்று, அமைவு வாங்குவது ஒன்று. முழு எண் அமைவைக் கொண்டுபோய்க் காலம் கேட்கும் மெத்தடில் கொடுத்தால் கம்பைல் ஆகாது. உள்ளே வரும் மதிப்பு சரியா என்று கம்பைலர் உறுதி சொல்ல முடியாது, அது நியாயம்தான். ஆனால் எந்தச் சாவிக்கு எந்த டைப் என்பது உறுதியாகிவிடுகிறது, மாற்றம் நடக்கும் இடமும் ஒன்றே ஒன்று.

எதிர்பாராமல் கிடைத்த பலன் ஒன்று உண்டு. அமைவுகளெல்லாம் ஆப்ஜெக்ட்களாக இருப்பதால் பட்டியலிடலாம். ஆப்ளிகேஷனை எழுப்பாமல், 'இந்தச் சூழலின் கோப்பை எடு, எல்லா அமைவையும் படித்துப் பார்' என்று பில்ட் சர்வரிலேயே ஓட்ட முடியும். ப்ரொடக்‌ஷன் யாம்லில் ஒரு சாவி விட்டுப்போனது மெர்ஜ் செய்யும் முன்பே தெரியும். ரகசியங்கள் பில்ட் சர்வரில் இருக்காது. அவற்றுக்கு மட்டும் 'பெட்டகத்திலிருந்து வரும்' என்ற அடையாளம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு நுணுக்கம். மாற்றத்துக்கு முதலில் கிளாஸ் ஆப்ஜெக்டை வாங்கினோம். காலங்களின் பட்டியல் என்று வந்ததும் அது போதவில்லை. ரன்டைமில் ஜெனரிக் விவரம் அழிந்துவிடுவதால் பட்டியல் என்பது மட்டும் மிஞ்சுகிறது, எதன் பட்டியல் என்பது போய்விடுகிறது. மாற்றும் ஃபங்ஷனையே வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

---

பிழைத்தேடி

இது லின்டை விட நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது யாம்ல் மாறினால் அமைவு புது மதிப்பைத் தருமா?

---

இரவுப்பணி

தயவுசெய்து வேண்டாம். பாதி ரூட் பழைய மதிப்பிலும் பாதி புதிய மதிப்பிலும் ஓடுவதைத் துப்பறிவதைவிட ப்ராசெஸை மறுபடி எழுப்புவது சுலபம். லாக் லெவல் மாதிரி ஒன்றிரண்டுக்குத் தேவைப்பட்டால் அதற்குத் தனியாக வேறு டைப் வையுங்கள். 'இது மாறக்கூடியது' என்று கோடைப் படிப்பவருக்குத் தெரியட்டும்.

---

வடிவவியல்

ரகசியம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கான்ஃபிக்குக்கு ரெக்கார்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ரெக்கார்ட் தானாக உருவாக்கும் டூ-ஸ்ட்ரிங் எல்லா ஃபீல்டையும் அச்சடிக்கும். கடவுச்சொல் வெறும் ஸ்ட்ரிங்காக இருந்தால், யாராவது ஒரு டீபக் வரியில் கான்ஃபிக் ஆப்ஜெக்டைப் போட்ட அன்றே லாகில் போய் உட்கார்ந்துவிடும்.

'ரகசியம்' என்று தனி டைப். அதன் டூ-ஸ்ட்ரிங் நட்சத்திரங்களைத் தரும். உள்ளே இருப்பதை எடுக்க 'வெளிப்படுத்து' என்று கண்ணை உறுத்தும் பெயரில் ஒரே மெத்தட். கெட்டர் மாதிரி பெயர் வைத்தால் ஜேசன் லைப்ரரிகள் அதைத் தேடிப் பிடித்து எழுதிவிடும், அதனால் அந்தப் பெயரைத் தவிருங்கள். @இரவுப்பணி கேட்ட பிழைப் பட்டியலும் 'இந்த மதிப்பு செல்லாது' என்று மதிப்பைக் காட்டும் அல்லவா? அங்கேயும் ரகசியமாக இருந்தால் மறைக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் அது.

---

காற்புள்ளி

ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போகும் ஆள், இன்று எழுதுகிறேன். உங்கள் ஜெனரேட்டருக்குத் தெரியாத ஆப்ஷன்களை என்ன செய்வீர்கள்?

காஃப்கா கனெக்டரை எடுங்கள். கிளையண்ட் லைப்ரரிக்கே ஏராளமான ப்ராப்பர்டிகள், பதிப்புக்குப் பதிப்பு கூடும். அவை எல்லாவற்றுக்கும் மெத்தட் வைத்தால் லைப்ரரி பதிப்போடு உங்கள் ஏபிஐ பிணைந்துவிடும். 'எது வேண்டுமானாலும்' என்று ஒரு ஸ்ட்ரிங் மேப் வைத்தால் பழைய கதைதான். காஃப்கா கிளையண்ட் தெரியாத ப்ராப்பர்டியைப் பார்த்தால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு வேலையைத் தொடரும், நிற்காது.

நெட்டி என்ற ஜாவா நெட்வொர்க் லைப்ரரி இதை வேறு மாதிரி செய்கிறது. அங்கே ஒவ்வொரு சேனல் ஆப்ஷனும் ஒரு கான்ஸ்டன்ட், அதன் மதிப்பு என்ன டைப் என்பது ஜெனரிக்காக அதிலேயே இருக்கும். ஆப்ஷனையும் மதிப்பையும் சேர்த்துக் கொடுக்கும் மெத்தட் ஒன்றே ஒன்று; இரண்டின் டைப்பும் பொருந்தாவிட்டால் கம்பைல் ஆகாது. புதிய சாவியை யார் வேண்டுமானாலும் அறிவிக்கலாம், பில்டரைத் தொட வேண்டாம். அன்றாடம் வேண்டிய பத்துப் பன்னிரண்டுக்கு மெத்தட், மீதிக்கு டைப் உள்ள சாவி என்று இரண்டையும் கலந்தால் என்ன?

---

குழாய்க்காரன்

@காற்புள்ளி, இதை எடுத்துக்கொள்கிறோம். வெளியார் எழுதும் கனெக்டர்களுக்கும் இது பொருந்தும். அவர்களிடம் எங்கள் ஜெனரேட்டரை ஓட்டச் சொல்ல முடியாது.

---

சுட்டெழுத்து

பதிப்புகள் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசிவிடுகிறேன்.

ரெக்கார்டை வெளியே காட்டாதீர்கள். அதில் ஒரு ஃபீல்டைச் சேர்த்தால் கன்ஸ்ட்ரக்டரின் வடிவமே மாறும், பழைய ஜாருக்கு எதிராகக் கம்பைல் செய்த எல்லோரும் ரன்டைமில் விழுவார்கள். பில்டர் இன்டர்ஃபேஸை வெளியே வைத்து ரெக்கார்டை உள்ளே பூட்டுங்கள். சீல்டு டைப்பும் அப்படியே. நகர்த்து(), மேலெழுது() என்ற ஃபங்ஷன்கள் மட்டும் வெளியே. அவற்றுக்குப் பின்னுள்ள கிளாஸ்களைக் காட்டினால் யாராவது அவற்றின் மேல் ஸ்விட்ச் எழுதுவார்கள். நீங்கள் ஒரு தேர்வைக் கூட்டிய அன்று, மறுபடி கம்பைல் செய்தால் அது உடையும். செய்யாவிட்டால் ஓடும்போது எக்செப்ஷன் வரும்.

'கொடுக்கப்படவில்லை' என்ற நிலையைக் கடைசி வரை காப்பாற்றுங்கள். பில்டரை உருவாக்கும்போதே இயல்பு மதிப்புகளை நிரப்பிவிட்டால், பயன்படுத்துபவர் 5 செகண்ட் என்று தானே எழுதினாரா, சும்மா விட்டாரா என்று பின்னால் தெரியாது. அடுத்த பதிப்பில் இயல்பு மதிப்பை மாற்றும்போது யாருக்கு எச்சரிக்கை காட்டுவது என்றும் தெரியாது.

பழைய யூஆர்ஐ ஸ்ட்ரிங்கை ஒரே நாளில் தூக்க வேண்டாம். அதைப் பார்ஸ் செய்து, பில்டர் உருவாக்கும் அதே உள் மாடலை உருவாக்கும்படி வையுங்கள். ஸ்ட்ரிங்கிலிருந்து மாடல், மாடலிலிருந்து மறுபடி ஸ்ட்ரிங் என்று இரு திசையும் இருந்தால் @பிழைத்தேடி விரும்பிய, லாகிலிருந்து காப்பி செய்யும் வசதியும் மிஞ்சும். ரகசியம் இருக்கும் இடத்தில் மட்டும் நட்சத்திரம்.

---

மூன்றாம்பிறை

@குழாய்க்காரன், முகவரியே மெசேஜிலிருந்து வரும் இடங்களை என்ன செய்யப் போகிறீர்கள்? கேமலில் டூ-டி என்று ஒன்று உண்டே, ஹெடரில் இருப்பதை வைத்து ஓடும்போதே யூஆர்ஐயைக் கட்டுவது. அங்கே பில்டர் உதவாது.

---

குழாய்க்காரன்

அங்கே ஸ்ட்ரிங்கால் வரும் ஆபத்து இன்னும் பெரிது. ஹெடரில் வரும் மதிப்புக்குள் '&நீக்கு=ஆம்' என்று ஒருவர் வைத்து அனுப்பினால் அது ஆப்ஷனாகவே படிக்கப்படும். தவிர, ஸ்ட்ரிங் மாறும் ஒவ்வொரு முறையும் புது எண்ட்பாயிண்ட். இதைச் சமாளிக்கத்தான் கேமலில் அங்கே இயல்பாக 1000 அளவுள்ள கேஷ் இருக்கிறது.

வரைவில் இப்போது இருப்பது இது: மாறக்கூடிய பகுதியை ஃபங்ஷனாகக் கொடுப்பது, ஆப்ஷன்கள் நிலையானவை.

கோப்பு(மெசேஜ்வழி(ம -> ம.ஹெடர்("அடைவு"))).ஏற்கெனவேஇருந்தால்(பிழைகாட்டு())

ஃபங்ஷன் தருவது அடைவின் பெயர் மட்டும். அதற்குள் கேள்விக்குறி இருந்தாலும் பெயரின் எழுத்தாகவே பார்க்கப்படும். மேலடைவுக்குத் தப்பிப் போகும் இரட்டைப் புள்ளி வந்தால் மெசேஜை நிராகரிக்கிறோம். எண்ட்பாயிண்ட் ஒன்றே ஒன்று, அடைவு மட்டும் மெசேஜுக்கு மெசேஜ் மாறும். ஆப்ஷனும் மெசேஜ்வழி மாற வேண்டும் என்று யாராவது கேட்டால், இரண்டு எண்ட்பாயிண்ட் எழுதி நடுவில் கிளை பிரிக்கச் சொல்வோம்.

---

பிழைத்தேடி

எச்டிடிபி வினவல் அளவுருக்கள்? நீங்களே ஆரம்பத்தில் புகார் சொன்னது.

---

குழாய்க்காரன்

அதற்குத் தனி மெத்தட்:

எச்டிடிபி(அமைவு.முகவரி("கிடங்கு.முகவரி")).டைம்அவுட்(இவ்வளவு(செகண்ட்(30))).வினவல்("பக்கம்", "2")

ஆப்ஷன் எல்லாம் மெத்தட், எதிர் சர்வருக்குப் போவது எல்லாம் 'வினவல்' வழியாக. முகவரி அமைவிலேயே யாராவது கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தால் ஸ்டார்ட்டப்பில் பிழையா, எச்சரிக்கையா என்பதில் மட்டும் இன்னும் முடிவில்லை. நான் பிழை என்கிறேன். பழைய யாம்ல் கோப்புகளில் அப்படி நிறைய இருப்பதால் குழுவில் மற்றவர்கள் எச்சரிக்கை என்கிறார்கள்.

---

இரவுப்பணி

பிழை. எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. ஆனால் பழைய கோப்புகளைத் திருத்த ஒரு ஸ்கிரிப்டையும் சேர்த்தே கொடுங்கள்.